'சாரஸ்' என்கிற வால்

நம் சிறுவர் அறிவியல் நூல்களில் 'சாரஸ்' என்று முடிகிற பெயர் வந்தால், கூடவே பொருளும் வந்துவிடும்: டைரனோசாரஸ், அதாவது கொடுங்கோல் பல்லி. சொல்லுக்குச் சொல் சரிதான், கிரேக்கத்தில் சாரஸ் என்றால் பல்லி. ஆனால் டைனோசர் பல்லி இல்லையே! இன்றைக்கு அதன் வாரிசைக் காட்டச் சொன்னால் கோழியைத்தான் காட்டவேண்டும். சுவர்ப்பல்லியைப் பார்த்து 'இதோட தாத்தாதான்' என்று பிள்ளை சொன்னால் தப்பு யாருடையது?

1824-ல் பக்லாந்து மெகலோசாரஸ் என்று பெயர் வைத்தபோதும், 1842-ல் ஓவன் 'டைனோசாரியா' என்ற சொல்லை உருவாக்கியபோதும் கையில் இருந்தவை சில எலும்புகள்தான். அன்றைய ஊகம் பெயரில் தங்கிவிட்டது. நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய கதை. எவனோ அவசரத்தில் வைத்த பெயரை நூறு இடத்தில் கூப்பிட்டிருப்பார்கள், இனி மாற்ற முடியாது.

இதில் உச்சம் பசிலோசாரஸ். 1834-ல் ஹார்லன் அதைக் கடல் ஊர்வன என்று நினைத்து 'பல்லிகளின் அரசன்' ஆக்கினார். ஓவன் பல்லைப் பார்த்துவிட்டு, இது பாலூட்டி என்றார். ஆதித் திமிங்கிலம்! சூக்லோடான் என்று புதுப்பெயரும் சொன்னார். செல்லவில்லை. விலங்குப் பெயரிடலில் முந்திய பெயருக்கே முன்னுரிமை, அதன் பொருள் பொய்யானாலும்.

ஆக, சாரஸுக்கு இன்று பொருள் கிடையாது, அது ஒரு அடையாள வால். குடும்பப் பெயர் 'இடே' என்று முடியவேண்டும் என்பது விதி; சாரஸ் வெறும் வழக்கம். 1979-ல் மையசாராவுக்கு அதையே பெண்பாலாக்கி ஒட்டினார்கள், 'நல்ல தாய்' என்ற பொருள் வரும்படி.

தமிழில் 'தொன்மா' என்றொரு சொல் புழங்குகிறது. அரிமா, பரிமா வரிசையில் காதுக்கு இதம், பல்லிப் பிழையும் இல்லை. ஆனால் மாமூத்தும் தொன்மையான மாதானே? தொகுதிக்கு அது போதும். தனித்தனிப் பேரினங்களுக்குச் சாரஸை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளுக்கு யாதகிரியும் அய்யாசாமியும் வைத்த பெயர் புருகத்காயோசாரஸ். முன்பாதி சமஸ்கிருதம், வால் கிரேக்கம். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்றானது. எலும்புகளும் உதிர்ந்துபோயின. மிச்சமிருக்கிற பெயரையாவது யாரும் 'பேருடல் பல்லி' என்று தமிழாக்கிவிடாமல் இருந்தால் சரி.