வட்டமும் வாளரமும்

பண்டை மக்களின் அணிகலன்களைப் பற்றி எழுதப் புகும் நம்மவரிற் சிலர், வளையம் ஒன்று கண்ணிற் பட்டதும் அதற்கு ஆதியுமில்லை, அந்தமுமில்லை. ஆகவே அது நித்தியத்தின் குறி என்று முடிவு கட்டிவிடுவர். எகிப்தும் சிந்துவெளியும் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். வளையத்தைச் செய்தவனுக்கு அவ்வாக்கியத்தில் இடமிராது.

1926இல் மொகெஞ்சதாரோவிற் கிடைத்த வெண்கலப் பெண்ணுருவை யாவரும் அறிவர். 10.5 சென்ரிமீற்றர் உயரமே உடைய அவளது இடக்கையை ஏறக்குறைய 25 வளைகள் மறைத்து நிற்கின்றன. (ஆடல்மங்கை என்பது பின்னர் இட்ட பெயர், அவள் நிற்கிறாளேயன்றி ஆடவில்லை.) அம்மக்கள் அணிந்த வளைகளுட் சிறந்தது சங்குவளை. கச்சு வளைகுடாக் கரையில், நாகேசுவரம் என்னுமிடத்தில், சங்கறுத்த பட்டறைகள் அகழப்பட்டுள்ளன. நுனியை உடைத்து, நடுத்தண்டை நீக்கி, வெண்கல வாளரத்தாற் சாய்வாக அறுத்து, மணற்கல்லில் உரைத்தாலன்றி ஒரு வளையும் பிறவாது. அப்படிப் பிறந்ததும் முழுவட்டமன்று. சங்கு புரியாக வளர்வது. ஆதலால், புரியும் புரியும் கூடுமிடத்தில் வளையிலே ஒரு கோணல் விழும். தொழிலாளி அவ்விடத்திற் கோணவடிவக் கீறலொன்றைச் செதுக்கி, அதனையே அழகாக்கினான். நித்தியம் பேசுவோர் இந்த மூட்டுவாயைப் பார்த்ததில்லை.

வளைக்குக் குறிப்பொருள் இல்லையென்று நாம் வாதிடவில்லை. அரப்பாவின் புதைகுழிகளிற் பெண்கள் இடக்கையிற் சங்குவளையுடன் கிடக்கின்றனர். அதற்கு ஒரு கருத்து இருந்திருத்தல் வேண்டும். ஆயின் அதே நகரங்களிற் சுட்ட மண்வளைகளும் ஏராளம். வேறொரு வகை, கல்போல் இறுகச் சுடப்பட்டு, நுண்ணிய எழுத்துப் பொறிக்கப்பட்டது. அதனைக் கலத்துள் அடைத்து முத்திரையிட்டே சூளையில் வைத்தனர். வட்டம் யாவர்க்கும் பொது. முத்திரை யார் கையில் இருந்தது என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சங்கறுத்தலைத் தமிழ்ப் புலவரும் கண்டிருக்கின்றனர். அகநானூற்றின் 24ஆம் பாட்டில், வேள்வி செய்யாப் பார்ப்பான் வாளரத்தால் வளைகளை அறுத்தெடுத்தபின் எஞ்சிய சங்கின் தலைப்பகுதியை, மலராத பகன்றை முகைக்கு உவமையாக்குகிறார் ஆவூர் மூலங்கிழார். வளை எவள் கைக்கோ போய்விட்டது. புலவர் நோக்கியது பட்டறைத் தரையிற் கிடந்த கழிவை.