எந்தக் கர்னல் போடலாம்? ஒரு பழைய டெஸ்க்டாப், நான்கு கர்னல்கள்

லினக்ஸுக்கு மாறிக் கொஞ்ச நாள் ஆனதும் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, கர்னல் மாத்துனா சிஸ்டம் ஸ்பீடாகுமா?" மதுரை கே.கே. நகரில், 80 அடி ரோட்டை ஒட்டிய என் வீட்டு மாடி டெஸ்க்டாப்பில் நான்கு கர்னல்களை ஏற்றி அன்றாட வேலைகளை ஓட்டிப் பார்த்தேன். என் பதில் இதுதான்: ஸ்பீடுக்காக மாற்றாதீர்கள். வன்பொருள் கேட்டால் மட்டும் மாற்றுங்கள்.

மெஷின் ரொம்பச் சாதாரணம். நான்காம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ரேம், சாட்டா எஸ்எஸ்டி. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வைஃபைக்கு ஒரு யூஎஸ்பி டாங்கிள். ஓடுவது டெபியன் 12. அரசு இலவச லேப்டாப்பில் வந்த பாஸ் லினக்ஸைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு டெபியன் அந்நியமில்லை; சி-டாக் உருவாக்கிய பாஸ், டெபியனின் மேல் கட்டியதுதான்.

முதலில் டெபியன் 12-உடன் வரும் 6.1. நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் வகை. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், புது வசதிகள் வராது. பிரவுசரில் இருபது டேப், லிப்ரே ஆபீஸ், விஎல்சி என எல்லாம் ஒழுங்காக ஓடின. ஒரு பக்கம் வீடியோ கன்வெர்ட் ஆகும்போது மறுபக்கம் விண்டோவைப் பிடித்து இழுத்தால் மட்டும் சின்னத் திணறல் தெரியும்.

இரண்டாவது, டெபியனின் பழைய பதிப்புக்கும் புது மென்பொருளைத் தரும் பேக்போர்ட்ஸ் வழியாகக் கிடைக்கும் 6.12. இடையில் நடந்த பெரிய மாற்றம், 2023-ல் 6.6 கர்னலில் வந்த இஇவிடிஎஃப் ஷெட்யூலர். எந்த வேலைக்கு எப்போது சிபியூ தருவது என்று முடிவு செய்யும் பகுதி இது. 2007 முதல் இருந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலரின் இடத்தைப் பிடித்தது. அதே கன்வெர்ஷன் வேலையில் விண்டோ இழுக்கும் திணறல் ஓரளவு குறைந்தது. ஆனால் வீடியோ முடிய எடுத்த நேரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

மூன்றாவது லிக்கோரிக்ஸ். டெஸ்க்டாப் பயனர்களை மனதில் வைத்து, ஸென் கர்னலின் பேட்ச்களோடு வரும் கர்னல். டெபியனின் 6.1 நொடிக்கு 250 முறை டைமர் தட்டும். அதாவது 4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. லிக்கோரிக்ஸ் 1000 முறை. மவுஸ், விண்டோ, டைப்பிங் எல்லாம் சுமையிலும் சட்டென்று பதில் சொல்கின்றன. இந்தப் பாதையைப் போட்டவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் கான் கொலிவாஸ். சர்வருக்காக எழுதப்படும் கர்னல் வீட்டு பிசிக்கு ஒத்துவராது என்று வாதாடி, 2009-ல் பிஎஃப்எஸ் என்ற தனி ஷெட்யூலரையே எழுதியவர். இன்றைக்கு மெயின்லைன், அதாவது அதிகாரபூர்வ மூலக் கர்னலே நன்றாகத் தேறிவிட்டதால், அவர் காலத்தில் இருந்த அளவு இடைவெளி இப்போது இல்லை.

நான்காவது ஆர்டி, அதாவது ரியல் டைம் கர்னல். இது யாருக்கு என்பதில் குழப்பமே வேண்டாம்: ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு. ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால், ஒவ்வொரு 2.7 மில்லிசெகண்டுக்குள்ளும் கர்னல் ஒலியை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். தவறினால் 'டிக்' என்று ஒரு வெடிப்பு பதிவிலேயே விழும். 6.1-ல் பிரவுசரைத் திறந்தாலே அந்த டிக் வந்தது, ஆர்டியில் வரவில்லை. பதிலுக்கு மற்ற வேலைகள் ஒரு நூல் மந்தம். இருபது ஆண்டுகளாகத் தனி பேட்ச்சாகவே கிடந்த இந்த ஆர்டி வசதி, 2024-ல் 6.12 வழியாக மெயின்லைனுக்குள் வந்துவிட்டது.

இனி வில்லங்கம். கர்னல் மாற்றிய கையோடு வைஃபை காணாமல் போனது. டாங்கிளின் டிரைவர் கர்னலுக்கு வெளியே இருந்து கம்பைல் ஆவது. புதுக் கர்னலின் ஹெடர் பாக்கேஜ் இல்லாவிட்டால் அது உருவாகவே உருவாகாது. மொபைலை யூஎஸ்பியில் மாட்டி, டெதரிங் போட்டு, ஹெடரை இறக்கிய பிறகுதான் நெட் வந்தது. அப்புறம், லிக்கோரிக்ஸில் டெபியனின் கையொப்பம் கிடையாது என்பதால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும், அல்லது நாமே கையொப்பமிட வேண்டும். பூட் பார்ட்டிஷனைத் தனியாகச் சிறிதாக வைத்திருந்தால், இரண்டு மூன்று கர்னலிலேயே அது நிரம்பிவிடும்.

அப்படியானால் யார் கட்டாயம் மாற வேண்டும்? புது வன்பொருள் வாங்கியவர்கள். இன்டெல் ஆர்க் கிராபிக்ஸ் கார்டுகளுக்கு 6.2-ல்தான் கர்னல் தானாகவே ஆதரவு தரத் தொடங்கியது. முதல் கோர் அல்ட்ரா சிப்களின் கிராபிக்ஸுக்கு 6.7. இவற்றில் 6.1-ஐப் பூட் செய்துவிட்டு "லினக்ஸ் சரியில்லை" என்று புலம்புவதில் நியாயமில்லை.

சுருக்கமாக: என்னுடையது போன்ற பழைய பிசிக்கு டிஸ்ட்ரோவோடு வந்த கர்னலே போதும். புது பிசிக்குப் பேக்போர்ட்ஸ். பாட்டு, டப்பிங் வேலைக்கு ஆர்டி. கேமும் கம்பைலுமாக மெஷினை வாட்டுகிறவர்கள் லிக்கோரிக்ஸைப் பார்க்கலாம். எதைப் போட்டாலும் பழைய கர்னலை உடனே நீக்காதீர்கள். புதியது படுத்துவிட்டால் கிரப் மெனுவின் அட்வான்ஸ்டு பகுதியில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்துவிடலாம். ஃபார்மேட் செய்யும் பேச்சுக்கே இடமில்லை.