புதுமைப்பித்தனும் போர்க்காலச் செய்தியும்

புதுமைப்பித்தனைச் சிறுகதை ஆசிரியராக அறியாதார் தமிழ் கற்றோருள் இலர். ஆயின் அவர் செய்தித்தாள் உலகிலும் பல்லாண்டு உழைத்தவர் என்பதனை ஆராய்ச்சியாளர் போதிய அளவு கருதினாரல்லர். 1906-இல் பிறந்து, தாமிரபரணிக் கரையில் வளர்ந்து, திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்ற சொ. விருத்தாசலம், தென்காசி தந்த டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்ட 'தினமணி'யில் உதவி ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1943-இல் ஆசிரியர் விலகியபோது தாமும் விலகினார். அப்பணியின் பிற்பகுதி இரண்டாம் உலகப் போர்க்காலம்.

அவர் போர்முனை கண்டவரல்லர். எனினும் போர்முனைக்கும் தமிழ் மக்களுக்கும் இடையே நின்றவர், ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்கிய இதழாளரே ஆவர். அயல்நாட்டு அரசியலை நம்மவர் உளங்கொளச் சொல்லும் மொழி அன்று உருவாகிக்கொண்டிருந்தது. அவ்வாக்கத்தில் புதுமைப்பித்தன் பங்கினை அவர்தம் நூற்பெயர்களே காட்டும். முசோலினி வரலாற்றுக்குப் 'பாசிஸ்ட் ஜடாமுனி' என்றும், இட்லர் வரலாற்றுக்குக் 'கப்சிப் தர்பார்' என்றும் பெயரிட்டார். சடாமுனி, நம் சிற்றூரார் அஞ்சும் முனி. கப்சிப், தெருவில் வழங்கும் சொல். இத்தாலியக் கொடுங்கோலன் நம்மூர் மரத்தடிக்கு வந்துவிடுகின்றான். செருமானிய அரசவையின் அச்சம் ஒரு சொல்லில் விளங்கிவிடுகின்றது. கலைச்சொல் பல அடுக்கினும் எய்தாத தெளிவு இது.

இப்பெயரீட்டில் ஒரு குறையும் உண்டு. கொடுங்கோலனை முனியாகக் காண்போர், அவனை வளர்த்த சமுதாயக் காரணங்களைத் தேடாது அமைதல் கூடும். இதனினும் பெரிய குறை, 'ஸ்டாலினுக்குத் தெரியும்' என்னும் நூலிற் காணப்படும் சார்பு. பாசிசத்திற்கு எதிரான அரணாக உருசியாவைப் பலரும் நம்பிய காலம் அது. 1956-இல் குருஷ்சேவ் வெளியிட்ட உண்மைகளை 1948-இல் மறைந்த ஆசிரியர் அறிந்திலர். ஆயினும் 1936 முதல் 1938 வரை நடந்த மாஸ்கோ வழக்குகள் அவர் காலத்துச் செய்திகளே. கதைகளில் எவரையும் விட்டுவைக்காத அவரது எள்ளல், ஈண்டு ஒருவரை விட்டுவைத்தது. காலச் சூழல் இதனை விளக்குமேயன்றி, நேர் செய்யாது.

இக்குறை கூறுதல் அவர் புகழைக் குறைத்தற்கன்று. அரசியல் நூல்களை ஒதுக்கிவிட்டுக் கதைகளை மட்டும் போற்றுவோமாயின், பாதி விருத்தாசலத்தையே அறிந்தவராவோம். இருவகை எழுத்தையும் ஒருங்குவைத்துக் கற்றலே அவருக்கு நாம் செய்யும் நேர்மை.