பாசறைக்கு வெளியே இருப்பவள்

சில மாதங்களுக்கு முன் உயர்தர வகுப்பிலே முல்லைப்பாட்டினைப் படித்துக்கொண்டிருந்தோம். நப்பூதனார் பாடிய அப்பாட்டு 103 அடிகளே கொண்டது. பத்துப்பாட்டினுள் மிகச் சிறியது. கார்கால மாலை, அரசன் போர்மேற் சென்றுள்ளான், முதிய பெண்டிர் ஊர்ப்புறத்தே நெல்லும் முல்லைமலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர், எழுநிலை மாடத்திலே அரசி மழையொலியைக் கேட்டவண்ணம் துயருற்றுக் கிடக்கின்றாள். பாட்டின் நயங்களை எடுத்துரைத்து முடித்ததும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அரசி காத்திருந்தாள், சரி. அரசனோடு போன படைவீரரின் மனைவிமார் என்ன செய்தார்கள்? அவர்களுக்கு அரிசி யார் கொடுத்தது?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. எமக்கு விடை தெரியாமையே அதற்குக் காரணம்.

திருகோணமலையிலே இக்கேள்வி வெறும் ஏட்டுக்கேள்வி ஆகாது. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் இன்றும் இராணுவம் தங்கியுள்ள பிரெடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தே செல்கின்றனர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கையளித்துச் சென்ற கடற்படைத்தளம் துறைமுகத்தின் ஒரு கரையை அடைத்து நிற்கிறது. 1967இல் தொடங்கிய கடற்படைக் கல்விக்கழகம் அங்கேதான் இயங்குகிறது. சீனக்குடாவிலே விமானப்படையின் கல்விக்கழகம். தூரத்துக் கிராமங்களிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திறங்கி, கைக்குழந்தையும் பொதியுமாகத் தளத்துக்குப் போகும் வழி கேட்கும் இளம் மனைவியரை இவ்வூரார் யாவரும் கண்டிருப்பர். சங்கப் புலவர் 'இருத்தல்' என உரிப்பொருள் வகுத்த அந்நிலை இங்கே பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறது. நமது இலக்கியமோ அவளைக் கண்டதில்லை.

இது முற்றும் உண்மைதானா என்று வினவி நூல்களை மீண்டும் புரட்டினோம். தொல்காப்பியர் பிரிவின் காரணங்களைக் கூறுமிடத்து ஓதல், பகை, தூது என மூன்றை முதலில் நிறுத்துகிறார். கல்வி கருதிப் பிரிதலும் தூதின்பொருட்டுப் பிரிதலும் உயர்ந்தோர்க்கு உரியன என்பது அவர் கூற்று. அப்பால் கற்பியலிலே, கல்விப் பிரிவு மூன்றாண்டினைக் கடவாது என்றும், வேந்தன் தொழிலுக்காகப் பிரிவது ஓராண்டிற்கு உட்பட்டது என்றும் காலவரையறை செய்கிறார். பாசறையில் மனைவியோடு கூடி வாழும் வழக்கமில்லை என்பதும், கடல்வழிச் செலவிற் பெண்ணை உடன்கொண்டு செல்லும் வழக்கமில்லை என்பதும் அவருடைய விதிகளே.

இங்கே நின்று சிந்திக்க வேண்டும். படைப்பயிற்சி என்பது ஓதற்பிரிவா, பகைவயிற் பிரிவா? கற்கப் போகிறான், ஆயின் கற்பது போர். உயர்ந்தோன் அல்லன், ஆயின் ஓதலுக்குப் பிரிகின்றான். பகைவன் எதிரே இல்லை. ஆயினும் விடுப்பு இல்லை. பயிற்சிக்காகப் பிரியும் எளிய வீரனுக்கு இலக்கணத்திலே தனித் தலைப்பு இல்லை. அவன் மனைவியும் அதனாலேயே தலைப்பின்றி நிற்கின்றாள். போருக்குச் சென்றவன் மனைவிக்காவது புகழ் உண்டு, அவள் துயருக்குப் பாட்டு உண்டு. பயிற்சிக்குச் சென்றவன் மனைவியை ஊர் ஆறுதல் கூறவும் அழைப்பதில்லை. "படிக்கத்தானே போயிருக்கிறான்" என்பார்கள்.

ஆயினும் தொல்காப்பியர் மீது எமக்கொரு மதிப்பு இவ்விடத்தில் எழுகின்றது. அவர் பிரிவுக்கு எல்லை வைத்தார். உரையாசிரியர்கள் அந்த எல்லையை எங்ஙனம் வேண்டுமாயினும் விளக்கட்டும். பிரிந்தவன் இத்துணைக் காலத்தில் மீளவேண்டும் என்பது இல்லிருப்பவளுக்குத் தரப்படும் ஓர் உறுதிமொழி. அதனை அழகியலாக மட்டும் கற்பித்து வந்தது ஆசிரியராகிய நாம் செய்த பிழை. அது பெண்ணின் உரிமை பற்றிய விதியும் ஆகும்.

முல்லைப்பாட்டிலேயே மற்றொரு செய்தி உண்டு. பாசறையைப் பாடுமிடத்துப் புலவர், இடையிலே குறுவாள் கட்டிய பெண்கள் விளக்கேற்றி நிற்பதைக் காட்டுகிறார். மனைவிக்கு இடமில்லாத பாசறையிலே பணிப்பெண்ணுக்கு இடமுண்டு! விளக்கிற்கு நெய் வார்க்கும் அவர்களுக்கும் வீடு இருந்திருக்கும். அவர்களுக்காகக் காத்திருந்தார் இருந்திருப்பர். நக்கீரர் நெடுநல்வாடையிலே புண்பட்ட வீரரை நள்ளிரவில் அரசன் சென்று காண்பதாகப் பாடியது பெரிது. அவ்வீரரின் வீடுகளுக்கு அவரும் செல்லவில்லை. பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலிலே சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாக ஆராய்ந்து, பாணரும் புலவரும் எவரை அண்டி வாழ்ந்தனர் என்பதை நமக்கு உணர்த்தினார். புரப்பவனின் இல்லத்துத் துயரே பாட்டாகும். புரக்கப்படாதவள் துயருக்குப் பரிசில் தருவார் யார்?

விதிவிலக்கு ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. ஒக்கூர் மாசாத்தியார் பெண்பாற் புலவர். முல்லைத்திணையிலே காத்திருப்பவளின் மெல்லிய குரலைப் பாடியவர். அவரே புறநானூற்றிலே, தன் வீட்டு ஆண்கள் இருவரை முன்னைய போர்களில் இழந்த பெண், போர்ப்பறை கேட்டு ஒரே மகனையும் தலைவாரி, வேல் கொடுத்து அனுப்புவதைப் பாடினார். அப்பாட்டை வீரத்தாயின் பெருமையாகவே மேடைகளில் முழங்குகின்றோம். எமக்கோ அதனைப் படிக்குந்தோறும் நடுக்கமே உண்டாகிறது. அச்சிறுவனுக்கு எவரும் பயிற்சி அளித்ததாகப் பாட்டிலே இல்லை.

இனிக் கடல் கடந்து ஒரு நூலுக்குச் செல்வோம். அந்நூலுக்கும் இவ்வூருக்கும் தொடர்பு உண்டு. எஸ்பிளனேட் பகுதியிலுள்ள பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்திலே சார்ள்ஸ் ஆஸ்டின் என்னும் கடற்படைத் தளபதி அடக்கமாகியுள்ளார். 1852இல், இரண்டாம் பர்மியப் போரின்போது, ஐராவதி ஆற்றிலே நோயுற்று இறந்தவர். இவர் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி. அக்கல்லறையைக் காட்டுவோர் இவ்வளவுடன் நின்றுவிடுகின்றனர். நாம் நினைக்கவேண்டியவர் அவருடைய முதல் மனைவி ஃபானி. பெர்மியூடாவிலே பிறந்து, 1807இல் அவரை மணந்து, 1814இலே தமது இருபத்துநான்காம் வயதில், பிள்ளைப்பேற்றையடுத்து, 'நமூர்' என்னும் போர்க்கப்பலிலேயே உயிர்நீத்தார். நங்கூரமிட்டு நின்ற அக்கப்பலிலேதான் அவர் பெண்மக்களோடு குடித்தனம் நடத்திவந்தார்.

'நமூர்' புதிதாகச் சேர்க்கப்பட்ட மாலுமிகளை ஏற்று, பிற கப்பல்களுக்குப் பங்கிட்டனுப்பும் கப்பல். அக்காலத்துப் பிரித்தானியக் கடற்படை துறைமுகத் தெருக்களிலும் வணிகக் கப்பல்களிலும் ஆட்களைப் பலவந்தமாகப் பிடித்துச் சேர்த்தமை வரலாறு அறிந்தது. மேற்றட்டு அறையிலே தலைவனின் மனைவி குழந்தைகளுடன் இடநெருக்கடியோடு போராடுகிறார். கீழ்த்தட்டிலே, தான் எங்கே கொண்டுசெல்லப்படுகிறேன் என்று மனைவிக்குச் சொல்லவும் வாய்ப்பில்லாத மனிதன் கிடக்கிறான். ஃபானியின் கடிதங்கள் எஞ்சின, இன்று ஆராயப்படுகின்றன. கீழ்த்தட்டு மனிதனின் மனைவி கடிதம் எழுதக் கற்றவளா என்பதே ஐயம்.

ஜேன் ஆஸ்டின் 1817இல் மறைந்தபின் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலிலே திருமதி குரொஃப்ட் என்றொரு பாத்திரம் உண்டு. ஃபானியின் வாழ்வு இப்பாத்திரத்திற்கு உதவியது என்று கருதும் ஆய்வாளர் உளர். தளபதியான கணவனோடு ஐந்து கப்பல்களில் வாழ்ந்தவள்; அத்திலாந்திக்கை நான்குமுறை கடந்தவள்; கீழைநாட்டுக்கும் வந்து மீண்டவள். கப்பலிலே பெண்களுக்கு இடமில்லை என்று பேசும் தன் தம்பியை அவள் கண்டிக்கிறாள்; பெண்கள் எல்லோரும் அறிவற்ற பதுமைகள் என்பதுபோலப் பேசாதே என்கிறாள். தனது வாழ்விலே உடலாலும் உள்ளத்தாலும் நோயுற்ற காலம் ஒன்றே என்றும் கூறுகிறாள். அது புயலிலும் அன்று, போரிலும் அன்று. கணவன் வடகடலில் இருக்கத் தான் மட்டும் டீல் என்னும் துறையூரிலே தனித்திருந்த ஒரு குளிர்காலம். தன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமை, அடுத்த செய்தி எப்போது வருமென்று தெரியாமை, இவ்விரண்டுமே அவள் நோய்.

முல்லைத்திணை முழுவதிலும் நாம் காணாத ஒன்றை ஆஸ்டின் இங்கே கூறிவிட்டார். காத்திருத்தலை அவர் பண்பாக்கவில்லை; நோயெனப் பெயரிட்டு, அதற்குக் காரணமும் காட்டினார். ஆனால் அவர் பார்வைக்கும் எல்லை உண்டு. கப்பலில் உடன்செல்லும் வாய்ப்புத் தலைவனின் மனைவிக்கே வாய்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கடல்கடந்து செல்லும் பிரித்தானியப் படைப்பிரிவுகளில் நூறு வீரருக்கு ஏறக்குறைய ஆறு மனைவியரையே உடன்செல்ல விட்டனர். அவ்வறுவரையும் துறைமுகத்திலே திருவுளச்சீட்டுப் போட்டுத் தெரிந்தனர். சீட்டு விழாதவள் கரையிலே விடப்பட்டாள்.  அந்தச் சீட்டைப் பற்றி ஆஸ்டின் எழுதவில்லை.

எம் அயலிலே இருந்த ஒருத்தியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண்; ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கைக்குழந்தையுடன் சில மாதம் இருந்தாள். கணவன் படையிலே மேற்பயிற்சி ஒன்றில் இருந்தான். விடுப்புக் கிடைக்கும் அரைநாளையும் இழக்கலாகாது என்று ஊரைவிட்டு வந்திருந்தாள். மீன்காரரிடம் தமிழிலே விலை பேசக் கற்றாள். எரிவாயு உருளையைத் தானே மாற்றக் கற்றாள். குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நள்ளிரவிலே முச்சக்கரவண்டி பிடித்து மருத்துவமனைக்குச் சென்றாள். கணவனுடைய சம்பளத்தில் மாமியாருக்கு எவ்வளவு, அறை வாடகைக்கு எவ்வளவு என்று ஒரு பயிற்சிக் கொப்பியிலே எழுதிக் கணக்கு வைத்திருந்தாள். ஒருநாள் எமது வீட்டாரிடம் சொன்னாள்: "அவர் வரும்போது விருந்தாளி மாதிரி. போனபிறகுதான் எனக்கு வீடு திரும்பப் பழகுது." இதனை முறைப்பாடாகக் கூறவில்லை, வெட்கத்தோடு கூறினாள்.

பயிற்சி அவனுக்கு மட்டுமன்று, அவளுக்கும் நடந்தது. அவனுக்கு ஆசான் உண்டு, சீருடை உண்டு, முடிவிலே அணிவகுப்பு உண்டு. அவள் கற்றவற்றுக்குச் சான்றிதழ் தருவார் இல்லை. முப்படைகளிலும் சேவா வனிதா பிரிவுகள் உள. மனைவியர் நலம் பேணுவது அவற்றின் நோக்கம். அவற்றின் தலைமை தளபதியின் மனைவியைச் சாரும். கணவரின் பதவிவரிசையே மனைவியரின் வரிசையாகி விடுகிறது. உதவி மேலிருந்து இறங்குகிறது. கடைசி வரிசையில் நிற்பவள் தன் தேவையைத் தன் வாயாற் கூறும் மன்றம் எது?

"படைக்குடும்பத்தின் துயரை நாம் ஏன் பாடவேண்டும்? எமது பெண்களின் துயர் போதாதா?" என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினா. 2017ஆம் ஆண்டிலே காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் அமர்ந்தனர், திருகோணமலையிலும் அமர்ந்தனர். தொல்காப்பியர் வைத்த ஓராண்டெல்லை அப்பெண்களுக்குப் பன்மடங்கு கடந்துவிட்டது. அவர்கள் கணவரைக் கொண்டுசென்ற அதே அரசின் ஊழியனுடைய மனைவியையும் ஒரே தராசில் வைக்க நாம் கூறவில்லை. குற்றமும் துயரும் வேறு வேறு கணக்குகள். ஆனால் 2016இலே சட்டமான காணாமற்போனோர் அலுவலகத்தின் பொறுப்புக்குள், சமரிலே காணாமற்போன படையினரும் அடங்குவர் என்பதை மறக்கலாகாது. அவர்கள் மனைவியரும் விடையின்றி இருக்கின்றனர். நிலமில்லாத கிராமத்து இளைஞன் மாதச் சம்பளத்துக்காகப் படையிற் சேர்கிறான் என்பதைப் பொருளாதாரமாகப் பேசும் நாம், அவன் வீட்டுப் பெண்ணை மட்டும் இனத்தின் பெயரால் காணாது விடுவோமாயின், நமது பொதுமை மேடையிலேயே நின்றுவிடும். 2012இலே கிளிநொச்சியில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்களை இராணுவம் சேர்த்துக்கொண்டது. அப்பெண்களும் பயிற்சிக்குப் பிரிந்தனர், அவர்களுக்காகவும் வீடுகள் காத்திருந்தன. பெண் பிரிய ஆண் இருத்தலைப் பாட எந்தத் திணை உண்டு?

இவ்வூர் இதற்கு முன்னோடியற்றதன்று. திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, 'மோகனாங்கி' நாவலை 1895இலே தந்தவர், அதற்கும் முன்னே 1892இல் 'தத்தை விடு தூது' பாடினார். தூது என்பது காத்திருக்கும் பெண்ணுக்குப் பழையோர் தந்த ஒரே தொழில். அத்தொழிலையே எடுத்து, அதன் வாயாலே பெண்ணுரிமையைப் பேசுவித்தார் அவர். பழைய வடிவம் புதிய பொருளைத் தாங்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? அவருக்குப்பின் இத்துறைமுகத்தைப் பற்றி எழுதியோர் கடலின் நிறத்தைப் பாடினர், கோணமலையின் உயரத்தைப் பாடினர். தளத்தின் வாயிலில் நிற்பவளை விட்டுவிட்டனர். எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

முல்லைப்பாட்டு அரசனின் தேர்க்குதிரைகளின் ஒலியோடு முடிகின்றது. முல்லைப் பாடல்கள் பெரும்பாலும் இவ்விடத்தோடு முடிந்துவிடும். வந்தவன் மறுநாட் காலையில் என்ன செய்தான் என்று எப்புலவரும் பாடக் காணோம். அடுத்த வாரம் அம்மாணவியையும் அவளது வகுப்பினரையும் அந்த மறுநாட் காலையை ஒரு பக்கத்தில் எழுதிவரச் சொன்னோம். பலர் விருந்து சமைத்தார்கள். சிலர் கோயிலுக்குப் போனார்கள். கேள்வி கேட்ட அப்பெண் நான்கு வரிகளே எழுதியிருந்தாள். கணவன் விடியலில் எழுந்து, மனைவியை எழுப்பாமல் தானே தேநீர் ஊற்றப் போகிறான். சீனிப் போத்தல் பழைய இடத்தில் இல்லை. ஒவ்வொரு தட்டாகத் தேடுகிறான். அவள் விழித்துக்கொண்டே படுத்திருக்கிறாள்.