சுஸுவின் பானையில் யாருடைய அரிசி?

ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். ஜப்பானிய அனிமேஷன் படம். 'இந்த உலகின் ஒரு மூலையில்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். ஃபூமியோ கோனோ என்கிற பெண் 2007 முதல் 2009 வரை வரைந்து எழுதிய சித்திரக்கதையை வைத்து சுனாவோ கடாபுச்சி 2016இல் எடுத்தது. முடிந்து விளக்கைப் போட்டபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். அப்போது ஒரு பெரியவர், நிறையப் படித்தவர், எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா, எவ்ளோ பெரிய கொடுமை! ஒரு கோஷம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. நீங்க எழுதினா மட்டும் ஏன் சார் இப்படிக் கத்துறீங்க?"

அழுத கண்ணோடு சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி போகவில்லை. படத்தை மறுபடி பார்த்தேன். 2019இல் 168 நிமிடமாக நீட்டி வெளியிட்ட வடிவத்தையும் பார்த்தேன். இப்போது பதில் சொல்கிறேன். படத்தைத் திட்டுவதற்காக அல்ல. நல்ல படம் என்பதால்தான் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். சுஸு ஹிரோஷிமாவின் எபா பகுதியில் கடற்பாசி காயவைத்து விற்கிற குடும்பத்துப் பெண். எந்நேரமும் படம் வரைந்துகொண்டு, பராக்குப் பார்த்துக்கொண்டு இருப்பவள். 1944 பிப்ரவரியில் கூரே என்ற துறைமுக ஊருக்கு வாக்கப்பட்டுப் போகிறாள். தண்ணி சுமக்கிறாள், துவைக்கிறாள், தைக்கிறாள், ரேஷனுக்கு வரிசையில் நிற்கிறாள், நாத்தனார் கெய்கோவிடம் பேச்சு வாங்குகிறாள். போர் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்படிக்குள் நுழைகிறது. 1945 ஜூனில், நேரம் கழித்து வெடிக்கிற குண்டு ஒன்றில் நாத்தனார் மகள் ஹாருமி சாகிறாள். அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த சுஸுவின் வலது கை, படம் வரைகிற கை, போய்விடுகிறது. ஆகஸ்ட் 6 காலையில் மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம்.

வீட்டு வேலையை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய போர்ப்படம் நான் வேறு பார்த்ததில்லை. அரிசி குறைந்துபோன காலத்தில் சுஸு வழியோரத்துப் பூண்டுகளைப் பறித்து வந்து சமைக்கிறாள். அரிசியை வறுத்து, ராத்திரி முழுக்க வெந்நீரில் ஊறப்போட்டு, உப்பவைத்துப் பொங்குகிறாள். ஒரு பழங்கால வீரனின் பெயரை அந்தச் சோத்துக்கு வைத்திருந்தார்கள். பார்க்கப் பானை நிறைய இருக்கும், வாயில் வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு வாய் தின்றுவிட்டு அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்து அரங்கமே சிரித்தது. நான் எங்கம்மாவை நினைத்துக்கொண்டேன். வரப்போரத்துக் கீரையும் குருணைக் கஞ்சியும் அவளுக்குப் போர்க்காலச் சமையல் இல்லை. செவ்வாய்க்கிழமைச் சமையல், புதன்கிழமைச் சமையல். யார் வீட்டுப் பசி 'போர்க்காலம்' என்ற பெயரைப் பெறுகிறது, யார் வீட்டுப் பசி பெயரே இல்லாமல் கிடக்கிறது என்ற கேள்வி எனக்கு அங்கேதான் தொடங்கியது.

'போர்க்காலத்தில் சாதாரண மக்களின் வாழ்க்கை' என்றுதான் இந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். யார் இந்தச் சாதாரண மக்கள்? சுஸுவின் மாமனார் கப்பற்படைத் தொழிற்சாலையில் விமான எஞ்சின் வேலை செய்பவர். கணவன் ஷூசாகு கப்பற்படை நீதிமன்றத்தில் எழுத்தர். 'யமாட்டோ' போர்க்கப்பல் கட்டப்பட்டது அந்த ஊரில்தான். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மலைச்சரிவிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் தெரியும். குட்டி ஹாருமிக்கு அந்தக் கப்பல்களின் பெயரெல்லாம் மனப்பாடம். பேரரசின் சம்பளத்தில் உலை கொதிக்கிற வீடு அது. அதற்காக அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லவர்கள்தான். ஆனால் 'சாதாரணம்' என்ற சொல் ஒரு வேலி. அதற்கு உள்ளே நிற்பவர்களின் அன்பும் சிரிப்பும் கண்ணீரும் நமக்குத் தெரியும். வெளியே நிற்பவர்களை அந்த வேலியே மறைத்துவிடும்.

ஒரு காட்சி. மலையில் உட்கார்ந்து துறைமுகத்தை வரைந்துகொண்டிருந்த சுஸுவை ராணுவப் போலீசு பிடித்துவிடுகிறது. உளவு பார்த்தாள் என்று வீட்டுக்கே இழுத்து வந்து மாமியாரையும் நாத்தனாரையும் நிற்கவைத்து மிரட்டுகிறார்கள். பெண்கள் வாயைத் திறக்கவில்லை. போலீசு போன பிறகு ஷூசாகு வருகிறான், விஷயத்தைக் கேட்கிறான். அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு வெடிக்கிறது. இந்த அசமந்தமாவது, உளவாவது! நாமும் சேர்ந்து சிரிக்கிறோம்.

அதே மலையில் அதே நோட்டோடு ஒரு கொரியக் கூலி உட்கார்ந்திருந்தால்? மிரட்டலோடு முடிந்திருக்குமா, சிரிப்பில் முடிந்திருக்குமா? அதிகாரத்தைப் பார்த்துப் பின்னால் சிரிப்பதற்குக்கூட அதிகாரத்தின் முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். போலீசு வந்துபோன ராத்திரிகளில் எங்கள் தெருவில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்து ரின். கள்ளச் சந்தையில் சர்க்கரை வாங்கப் போன சுஸு வழி தவறி, உடம்பு விற்கப்படும் தெருவுக்குள் போய்விடுகிறாள். அங்கே வழி சொல்பவள் ரின். ஏழைக் குடும்பம் விற்றுவிட்ட பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாது. சுஸு மண்ணில் அவளுக்குத் தர்ப்பூசணி வரைந்து காட்டுகிறாள். சுஸு சிறுமியாக இருந்தபோது பாட்டி வீட்டுக் கூரையிலிருந்து இறங்கி, மற்றவர்கள் தின்று போட்ட தர்ப்பூசணித் தோலைக் கரம்பித் தின்ற பிள்ளை இவள்தான். படம் அதைக் குழந்தைக் கதையில் வரும் வீட்டுப் பிசாசு மாதிரி காட்டுகிறது. பசித்த பிள்ளையைப் பிசாசாகப் பார்ப்பது அந்த வீட்டுக் கண்.

2016 படத்தில் ரின்னுடைய கதை பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிட்டது. அவள் எப்படி அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள் என்பது கடைசியில், படத்துக்குப் பணம் தந்தவர்களின் பெயர்கள் ஓடும்போது, உதட்டுச் சாயத்தால் கிறுக்கிய கோட்டுச் சித்திரங்களாக வருகிறது. 3,374 பேர் கொடுத்த பணத்தில் தொடங்கிய படம் அது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் பாருங்கள், விற்கப்பட்ட பெண்ணின் வாழ்க்கைக்குக் கிடைத்த இடம் எது என்று. ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரம்! கடாபுச்சி இதை உணர்ந்தவர் என்றுதான் நினைக்கிறேன். 2019 வடிவத்தில் ரின்னைத் திரும்பக் கொண்டுவந்தார். ஷூசாகு ஒருகாலத்தில் கல்யாணம் செய்துகொள்ள நினைத்த பெண் அவள்தான் என்பது அதில் தெரிகிறது. சுஸுவின் சாதாரணக் குடித்தனம், ரின்னுக்கு மறுக்கப்பட்ட குடித்தனத்தின் மேல் நிற்கிறது. அரைமணி நேரத்துக்கும் மேலான சேர்ப்பு முழுப்படத்தின் பொருளையே மாற்றிவிட்டது. விளிம்பை உள்ளே கொண்டுவந்தால் மையம் பழைய மையமாக இருக்காது. இதைத்தானே நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

இனி அந்தப் பெரியவரின் 'சத்தம் இல்லை' என்ற வாதத்துக்கு வருகிறேன். ஐயா, நீங்கள் ஆகஸ்ட் 15ஐப் பார்க்கவில்லையா?

பேரரசர் வானொலியில் பேசுகிறார். போர் முடிந்தது, தோற்றோம். மற்றவர்கள் 'சரி, முடிஞ்சுது' என்று எழுந்திருக்கிறார்கள். படம் முழுக்க 'ஐயையோ, என்னால தப்பாயிடுச்சே' என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த சுஸு கொதித்து எழுகிறாள். கடைசி ஆள் வரை சண்டை என்றார்களே, இங்கே இன்னும் அஞ்சு பேர் இருக்கிறோமே, எனக்கு இன்னும் ஒரு கையும் ரெண்டு காலும் இருக்கிறதே என்று கேட்கிறாள். வெளியே ஓடுகிறாள். தோட்டத்தில் விழுந்து மண்ணை அறைந்து கதறுகிறாள். இந்தப் படம் கத்துகிறது. அதுவரை இருந்த அமைதி முழுக்க அந்தக் கத்தலுக்காகச் சேர்த்துவைத்தது. அமைதியை மட்டும் அழகியல் என்று எடுத்துக்கொண்டு கத்தலை விட்டுவிடுவது பார்வைக் குறைபாடு.

அவள் என்ன சொல்லிக் கத்துகிறாள் என்பதில்தான் என் வழக்கு. அந்த நேரத்தில் கீழே ஊருக்குள் ஒரு கொடி ஏறுகிறது. கொரியக் கொடி. சில நொடிகள்தான். அப்படியென்றால் இத்தனை நாளும் இந்த ஊரில் கொரியர்கள் இருந்திருக்கிறார்கள்! கொடி ஏறும்வரை படம் அவர்களை நமக்குக் காட்டவே இல்லை. சித்திரக்கதையில் சுஸு அந்தக் கொடியைப் பார்த்து ஒன்றைப் புரிந்துகொள்கிறாள்: நாம் மற்றவர்களை வன்முறையால் அடக்கி வைத்திருந்தோம், அதனால்தான் இன்று வன்முறைக்குப் பணிகிறோம், இந்த நாட்டின் உண்மை முகம் இதுதான் என்று. படத்தில் அந்தப் பேச்சு மாறிவிட்டது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த அரிசியாலும் சோயாவாலும் ஆன உடம்பு என்னுடையது, அதனால்தான் வன்முறைக்குப் பணிய வேண்டியிருக்கிறதோ என்கிறாள்.

அடுப்படியில் நிற்பவளுக்கு அரசியல் சோற்று வழியாகத்தான் புரியும் என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஒரு வகையில் ஒப்புக்கொள்கிறேன். சோற்றைக் காட்டிப் பேரரசைச் சொல்வது கூர்மையான யோசனை. ஆனால் வினைச்சொல்லைக் கவனியுங்கள். 'அடக்கினோம்' என்பதில் ஆள் இருக்கிறான். 'வந்த அரிசி' என்பதில் ஆள் இல்லை. நெல்லு தானா நடந்து களத்துக்கு வராதுங்க. அறுத்துக் கட்டிச் சுமந்தவங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

அந்த அரிசி எப்படி வந்தது? 1918இல் ஜப்பானில் அரிசி விலை ஏறிப்போனது. தொயாமாவின் மீனவக் குடும்பத்துப் பெண்கள் தொடங்கிய கலகம் நாடு முழுக்கப் பரவியது. ஜப்பானின் தீண்டப்படாத மக்களான புராக்கு மக்கள் பல நகரங்களில் அதில் இறங்கினார்கள். அவர்கள் தொகைக்குப் பொருந்தாத அளவில் அவர்கள்தான் கைதானார்கள். அதன் பிறகு அரசு கண்டுபிடித்த வழி, காலனியான கொரியாவில் நெல் விளைச்சலைப் பெருக்கிக் கப்பலில் ஏற்றுவது. விளைவித்த கொரியக் குடியானவன் மஞ்சூரியாவிலிருந்து வந்த தினையைத் தின்றான். மஞ்சூரியச் சோயா ஜப்பானுக்குப் போனது. சுஸுவின் மாமியார் அன்று ராத்திரி, ஒளித்துவைத்திருந்த வெள்ளை அரிசியை எடுத்துப் பொங்குகிறார். விளக்கில் சுற்றியிருந்த கறுப்புத் துணியை அவிழ்க்கிறார்கள். வெளிச்சத்தில் வெள்ளைச் சோறு. அழகான காட்சி. இந்தக் கணக்கு தெரிந்தவனுக்குத் தொண்டையில் இறங்காத காட்சி.

அந்தப் பேரரசின் கணக்கில் நம்ம ஜனங்களும் உண்டு. 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானிய ராணுவம் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனது. சேரிகளிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் அந்தத் தோட்டங்களில் ஏராளம். காலராவிலும் பட்டினியிலும் காட்டுக்குள் செத்தார்கள். அதே பாதையில் செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி இல்லை. ஹிரோஷிமாவிலும் இதே கதைதான். குண்டில் செத்த கொரியர்களுக்கு 1970இல் எழுப்பிய நினைவுத்தூண் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. உள்ளே வர 1999 ஆயிற்று. செத்த பிறகும் ஊர், சேரி!

ஒடுக்கப்பட்டவர்கள் என்றால் எல்லோரும் போருக்கு வெளியே நின்றார்கள் என்று நான் கதைவிட மாட்டேன். புராக்கு மக்கள் 1922இல் கியோட்டோவில் தொடங்கிய சுயஹெய்ஷா என்ற சமத்துவ இயக்கம், போர் முற்றியபோது அரசோடு ஒத்துப்போய் 1942இல் இல்லாமலே போனது. பேரரசரின் பிள்ளைகள் எல்லோரும் சமம் என்ற வார்த்தை அவர்களையும் இழுத்தது. பொது எதிரியைக் காட்டிச் சமத்துவம் தருவதாகச் சொல்கிற எவரிடமும் நாம் எச்சரிக்கையாக இருக்க இது ஒரு பாடம். சுஸு மட்டும் ஏமாறவில்லை.

அதனால்தான் சுஸுவுக்காக அழுததை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. படத்தின் கடைசிப் பகுதியில் இரண்டு சாப்பாட்டுக் காட்சிகள். தோல்விக்குப் பிறகு கள்ளச் சந்தையில், அமெரிக்கப் படை தின்று மிச்சம்வைத்ததைக் கொதிக்கவைத்து விற்கிறார்கள். சிகரெட் பெட்டித் தாள்கூட அதில் மிதக்கிறது. சுஸுவும் கெய்கோவும் ஒரு வாய் குடித்துவிட்டு, என்ன ருசி என்று மலைத்துப் போகிறார்கள். எச்சில் சோறு ருசியாக இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த ருசியின் அவமானமும் தெரியும். அந்தக் காட்சியில்தான் சுஸு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

இன்னொன்று, எரிந்த ஹிரோஷிமாவில் சுஸு தவறவிட்ட அரிசி உருண்டையை ஒரு அனாதைப் பிள்ளை எடுத்து நீட்டுகிறது. நீயே தின்னு என்கிறாள். அந்தப் பிள்ளை கையில்லாத பக்கமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கூரேவுக்குக் கூட்டிப் போகிறார்கள். கூரையில் ஒளிந்து தோலைக் கரம்பிய பிள்ளைக்கு அந்த வீடுகள் தராத சோறு இப்போது இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. படம் இதைச் சொல்லவில்லை. ஆனால் படத்துக்குள் இருக்கிறது. தேடினால் கிடைக்கும்.

அந்தப் பெரியவருக்கு என் பதில் இதுதான். சுஸுவுக்கு இருபது வருஷம் அமைதி இருந்தது. வரைய நோட்டு இருந்தது, தேடிவந்த மாப்பிள்ளை இருந்தான், திட்டினாலும் சோறு போடுகிற வீடு இருந்தது. எல்லாம் போன பிறகு கத்தினாள். ரின்னுக்கு அந்த இருபது வருஷம் கிடையாது. எங்களில் பலருக்கும் கிடையாது. நாங்கள் கத்துவதிலிருந்து தொடங்குகிறோம். அடுப்படியையும் கீரையையும் பாட்டி வீட்டையும் எங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள், எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது, பானையில் வெந்தது யார் விளைவித்த அரிசி என்று நீங்களும் கேளுங்கள். அதுவரை எங்கள் சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.