பூஜை அறையில் தண்ணீர்

சென்ற மாதம் இளம் நண்பர் ஒருவர் தம் சிறுகதையைக் கொண்டுவந்து கொடுத்து, அபிப்பிராயம் சொல்ல வேண்டும் என்றார். கதை மோசமில்லை. ஒரு பெரியவர் காலமாகிறார். அவர் தினமும் பூஜை செய்துவந்த பஞ்சாயதனப் பெட்டி மகனிடம் வந்து சேருகிறது. மகன் நகரத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். அங்கே அழகாக ஒரு மாடம் அமைக்கிறான். மணி ஒலிக்கிறது, கற்பூரம் எரிகிறது, மகன் கண் கலங்குகிறான். கதை முடிந்துவிடுகிறது.

"எல்லாம் சரி, தண்ணீர் எங்கே?" என்று கேட்டேன். எனக்குத் தாகம் என்று நினைத்து அவர் எழுந்துவிட்டார்.

பஞ்சாயதனம் என்பது ஐந்து கற்கள். கண்டகி நதியின் சாளக்கிராமம் விஷ்ணு. நர்மதையின் பாணலிங்கம் சிவன். சோணை நதியின் சிவப்புக் கல் பிள்ளையார். ஸ்வர்ணமுகியில் கிடைப்பது அம்பாள். தஞ்சாவூருக்குப் பக்கத்து வல்லத்தில் கிடைக்கும் ஸ்படிகம் சூரியன். ஐந்தில் நான்கு, ஆற்றிலிருந்து வந்தவை. அவற்றுக்கு முகமில்லை, கையில்லை, காலில்லை. ஆனாலும் காலுக்குப் பாத்தியம், கைக்கு அர்க்கியம், வாய்க்கு ஆசமனம் என்று உத்தரணியால் நீரை எடுத்துவிட்டுப் பிறகு ஸ்நானம் செய்விக்கிறோம். வெயிலில் நடந்து வந்த விருந்தாளிக்குச் செய்கிற உபசாரம்தான் இது. அதற்கும் முன்னால், கலச நீரில் வந்து தங்கும்படி கங்கையிலிருந்து காவேரி வரை ஏழு நதிகளை அழைத்தாக வேண்டும். கற்பூரமெல்லாம் அப்புறம்தான்.

மாடம் அமைப்பது தச்சன் வேலை. கிழக்குப் பார்த்தா, மேற்குப் பார்த்தா என்பதை வீட்டு வாத்தியார் சொல்லிவிடுவார். கஷ்டமெல்லாம் தண்ணீரில்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் குளித்துவிட்டு அதை மடியாகக் கொண்டுவர வேண்டும். அபிஷேகம் ஆன பிறகு, தீர்த்தமாகக் கொடுத்தது போக மிச்சத்தைக் கால் படாத இடமாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும். கிராமத்தில் கொல்லையில் செடியடி உண்டு. மூன்றாவது மாடிக்காரன் தினம் இரண்டு சொம்பு தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடுவான்? நண்பர் இதை யோசித்திருந்தால், அவர் முடித்த இடத்தில்தான் கதை ஆரம்பமாகியிருக்கும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. என் முதல் நாவலில் ஒரு பூஜை அத்தியாயம் வருகிறது. பதினொரு பக்கம். சந்தன வாசனை பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அம்மா படித்துவிட்டு, "பூ, சந்தனம் எல்லாம் நன்னா இருக்குடா. ஜலம் தானா வந்துதா?" என்று கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். மார்கழிக் குளிரில் ஈரப் புடைவையோடு கிணற்றில் இறைத்து, புளியிட்டுத் தேய்த்த செப்புக் குடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மா வாசற்படிக்கு இப்பால் நின்றுகொள்வாள். அந்தக் கற்களை அவள் தொடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா மணையில் அமர்ந்து அபிஷேகம் செய்வார். நாவலில் அம்மாவுக்கு நான் கொடுத்திருந்தது ஒரே வரி. கற்பூரத் தட்டை எடுத்துவருகிறாள். நண்பரிடம் நான் கேட்ட கேள்வியே அவளுடையதுதான்.

கன்னடத்தில் அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' 1965-இல் வந்தது. அதில் நாரணப்பன், தலைமுறை தலைமுறையாகப் பூஜித்த சாளக்கிராமத்தை ஆற்றில் வீசி எறிந்துவிடுகிறான். ஆற்றிலிருந்து வந்த கல் ஆற்றுக்குப் போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பூஜை செய்ய ஆளில்லாதபோது ஆற்றில் சேர்த்துவிடுவதும் உண்டு, மடத்தில் கொடுத்துவிடுவதும் உண்டு. ஆனால் சேர்ப்பது வேறு, எறிவது வேறு. எத்தனை காலைகளில் எத்தனை பேர் அந்தக் கல்லுக்காகத் தண்ணீர் சுமந்திருப்பார்கள்! அது நெஞ்சில் பட்டவனுக்குத்தான் அந்த இடம் அதிர்ச்சி தரும். மணியோசையைக் கொண்டு இதைச் செய்துவிட முடியாது.

நண்பர் கதையை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். செருப்பை மாட்டும்போது, "மடத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா, ஸார்?" என்றார். கதையில் வரும் பெட்டியைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன்.