சுற்றி வரும் மனு

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடி ஆட்சியர் அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறவர் சட்டைப்பையில் பல நேரம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒரு சிஎஸ்ஆர் ரசீது இருக்கும். ஸ்டேஷனில் ரசீதோடு அனுப்பிவிட்டார்கள், எஃப்ஐஆர் போடவில்லை என்பதே அவர் குறை. மனுவில் முத்திரை விழும். எஸ்.பி. அலுவலகம் போய், டி.எஸ்.பி. கைக்கு மாறி, கடைசியில் அதே ஸ்டேஷன் ரைட்டர் மேசைக்கே வந்து சேரும். "கலெக்டர் வரைக்கும் போயிட்டீகளோ" என்று விசாரணை தொடங்கும்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சுதந்திரமான குறைதீர்ப்பாளர் வேண்டும் என்ற யோசனையை அந்த மேசையிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

ஏட்டில் உரிமைக்குப் பஞ்சமில்லை. குற்றவாளி சிக்காவிட்டாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம்; விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் தெரிவிக்கச் சொல்கிறது, 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டம். தெரிவிக்காத அதிகாரியை யார் கேட்பது? அந்த ஆள் இல்லாததால்தான் யோசனைக்கு வலு.

ஆனால் 'சுதந்திரமான' என்ற சொல் இங்கே சுலபமாகத் தேய்ந்துபோகும். போலீஸ் மீதான புகாரை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான அமைப்பு விசாரிக்கட்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டின் 2013 சட்டமோ மாநிலத்தில் உள்துறைச் செயலரையும் மாவட்டத்தில் ஆட்சியரையும் தலைவராக்கி, எஸ்.பி.யையும் கூடவே உட்கார வைத்தது. கட்டபொம்மனைக் கயத்தாறில் விசாரித்த கும்பினித் தளபதி பானர்மேன்தான் அவர்மீது படையெடுத்து வந்தவரும். கரிசல்காட்டு ஆளுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

வெளிநாட்டு முன்மாதிரியும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல. கனடாவில் 2007 முதல் இருக்கும் குறைதீர்ப்பாளர் பரிந்துரைக்கலாம், உத்தரவிட முடியாது. இங்கிலாந்தில் பாதிக்கப்பட்டோர் ஆணையரை உருவாக்கிய சட்டமோ, தனிப்பட்ட ஒருவரின் வழக்கில் அவர் தலையிடவே இடம் தரவில்லை. கடிதம் எழுதுவதற்கு ஒரு அலுவலகமா? ஓய்வுபெற்றவர்களுக்கு இன்னொரு நாற்காலி, பாதிக்கப்பட்டவருக்கு இன்னொரு வாய்தா என்று முடியும்.

உத்தரவிடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் போதாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீசாரால் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டு, கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அந்தச் சாவுகளை விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. சிசிடிவி பதிவு நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விட வேண்டியிருந்தது. நடுவருக்கே அந்தக் கதி.

ஆகவே அப்படி ஒரு மசோதா வந்தால் நான் முதலில் தேடப்போவது ஒரே ஒரு பிரிவைத்தான்: அந்த அலுவலகத்தின் ஆள் கோவில்பட்டியிலோ ஓட்டப்பிடாரத்திலோ ஸ்டேஷனுக்குள் நுழைந்து, பொது நாட்குறிப்பையும் கேமரா பதிவையும் அன்றைக்கே கைப்பற்றலாமா? கூடாது என்றால் அந்த மசோதா எனக்கு வேண்டாம்.